நீதிமன்றம் ஏறாத வாக்கு

இந்த அமர்வுக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'நிழலுலகக் கதைகளில் கூட்டும் காதலும்'. நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. நாகர்கோவில் பக்கம் நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். இரண்டு நைட் டியூட்டிக்கு நடுவில் கிடைக்கும் பகலில் கதை எழுதுகிறவள். அதனால் கோட்பாடு எதுவும் பேசப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, லண்டனில் நடந்த இரண்டு உண்மைச் சம்பவங்களையும், நமக்குத் தெரிந்த சில கதைகளையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கேள்வி இதுதான். ரவுடிகளும் கடத்தல்காரர்களும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் கதையில் காதல் எதற்கு? பாட்டு வைக்க, டிக்கெட் விற்க என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சினிமா வருவதற்குப் பல நூறு வருடம் முன்பே இந்தக் கதைகளில் காதல் இருக்கிறது. அப்படியானால் அதற்கு அங்கே ஏதோ ஒரு வேலை இருக்க வேண்டும்.

என்ன வேலை என்று புரிந்துகொள்ள, நாம் எல்லோரும் அறிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களில் சீட்டுப் பிடிக்காத குடும்பம் குறைவு. பத்துப் பேர், இருபது பேர் மாதாமாதம் பணம் போடுகிறோம். கையெழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது. ஒருவர் முதலிலேயே சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் காணாமல் போனால் போலீசில் என்ன சொல்வது? ஆகவே யாரைச் சேர்ப்பது என்று பார்க்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். "யாருடைய மச்சான்? எந்த ஊர்? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம்?" காகிதம் இல்லாத இடத்தில் உறவைப் பிணையாகக் கேட்கிறோம்.

இதே நிலைமையை நிழலுலகத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே எந்த ஒப்பந்தமும் நீதிமன்றம் ஏறாது. திருடிய நகையில் எனக்குப் பாதி தருவதாகச் சொன்னான், தரவில்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் தனியாகத் திருடினால் தொழில் நடக்காது. வாங்குகிறவன் வேண்டும், ஒளித்து வைக்கிறவன் வேண்டும், கண்டும் காணாமல் இருக்கும் அதிகாரி வேண்டும். ஒருவரையொருவர் நம்பியே ஆக வேண்டும், ஆனால் நம்ப ஒரு காரணமும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பயம், பணம், இரத்த உறவு, திருமணம், காதல் எல்லாம் உள்ளே வருகின்றன. இந்தக் கதைகளில் காதல், பல நேரங்களில், ஒரு கூட்டுக்கு வைத்த ஈடு. அடகுக்கடையில் வைக்கும் நகையைப் போல.

லண்டனில் இதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1720களில் இந்த நகரத்தில் ஜோனதன் வைல்ட் என்று ஒருவர் இருந்தார். முறையான போலீஸ் படை இல்லாத காலம். உங்கள் வீட்டில் திருட்டுப் போனால் வைல்டிடம் போவீர்கள். அவர் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் கட்டணம் வாங்கிக்கொள்வார். கண்டுபிடிப்பது அவருக்குச் சிரமமே இல்லை, ஏனென்றால் திருடியவர்கள் அவருடைய ஆட்கள். சொன்ன பேச்சைக் கேட்காத திருடனை அரசாங்கத்திடம் பிடித்துக் கொடுப்பார். வழிப்பறிக்காரன் ஒருவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தால் 40 பவுண்டு வெகுமதி. அந்தக் காலத்தில் அது பெரிய பணம். திருடர்களுக்கும் அவர் தலைவர், திருடர்களைப் பிடிப்பதிலும் அவரே தலைவர்.

அவருக்கு அடங்காத ஒருவன் ஜாக் ஷெப்பர்ட். தச்சு வேலை பழகிய பையன். 1724ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நான்கு முறை காவலிலிருந்து தப்பித்து லண்டனையே சிரிக்க வைத்தான். அவனுடைய துணை எலிசபெத் லயன் என்ற பெண். எட்ஜ்வொர்த் பெஸ் என்று ஊர் அவளை அழைத்தது. கிளார்க்கன்வெல் சிறையில் இருவரையும் கணவன் மனைவி என்று எண்ணி ஒரே அறையில் அடைத்தார்கள். போர்வைகளையும் துணிகளையும் முடிச்சுப் போட்டு இருவரும் சேர்ந்தே இறங்கித் தப்பினார்கள். சில வாரங்களில் வைல்ட் பெஸ்ஸைத் தேடிப் பிடித்து, குடிக்க வாங்கிக் கொடுத்து, ஜாக் இருக்கும் இடத்தை அவளிடமிருந்தே கறந்துவிட்டார். ஜாக் பிடிபட்டான், மரண தண்டனை விதிக்கப்பட்டான். கதை இங்கே முடிந்திருந்தால் 'காட்டிக்கொடுத்தவள்' என்று ஒரு வார்த்தையில் அவளை எழுதி மூடிவிடலாம். ஆனால் ஆகஸ்ட் 31ஆம் தேதி நியூகேட் சிறைக்கு அவனைப் பார்க்க வந்ததும், காவலர்களின் கவனத்தைத் திருப்பி, பெண் உடையில் அவனை வெளியே கொண்டுபோக உதவியதும் அதே பெஸ்தான்.

காட்டிக்கொடுத்தவளும் அவளே, காப்பாற்றியவளும் அவளே. இதைப் படிக்கும்போது எனக்குக் குழப்பம் வருவதில்லை. பயத்திலும் போதையிலும் ஒரு பெண் சொன்ன வார்த்தையை வைத்து அவளுடைய அன்பை அளக்க முடியாது என்பது வார்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ஜாக் அந்த வருடம் நவம்பர் 16ஆம் தேதி டைபர்னில் தூக்கிலிடப்பட்டான். இன்றைக்கு மார்பிள் ஆர்ச் இருக்கும் பக்கம் அது. வயது 22. ஆறு மாதம் கழித்து, 1725 மே 24 அன்று, ஜோனதன் வைல்டும் அதே டைபர்னில் தூக்கில் தொங்கினார். திருட்டுப்போன ஜரிகைத் துணியைத் திருப்பிக் கொடுக்கப் பணம் வாங்கினார் என்பது குற்றம். எந்தத் தொழில் அவரை வாழ வைத்ததோ அதுவே.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1728 ஜனவரி 29 அன்று, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஜான் கே என்பவரின் 'தி பெக்கர்ஸ் ஆபரா' அரங்கேறியது. முதல் பருவத்தில் மட்டும் 62 முறை மேடையேறிய நாடகம். அதில் வரும் பீச்சம் என்ற திருட்டுப் பொருள் வியாபாரி, வைல்டின் சாயல். பீச்சமின் மகள் பாலி, மெக்ஹீத் என்ற வழிப்பறிக்காரனை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தகப்பனுக்கும் தாய்க்கும் வரும் கோபத்தைப் பாருங்கள்: மருமகன் திருடன் என்பது அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கணவன் என்று ஆகிவிட்டால் குடும்பத் தொழிலின் ரகசியமெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பிரச்சினை. தீர்வு என்ன? அவனைப் பிடித்துக் கொடுத்துவிடலாம், வெகுமதியும் வரும், பெண்ணும் பணக்கார விதவை ஆவாள்! இதே நாடகத்தில் பீச்சமும் சிறை அதிகாரி லாக்கிட்டும் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். பிறகு, நான் உன்னைத் தூக்கில் போட முடியும், நீ என்னைத் தூக்கில் போட முடியும் என்பது இருவருக்கும் நினைவு வருகிறது. சமாதானம் ஆகிவிடுகிறார்கள். நிழலுலகக் கூட்டுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்த வீட்டில் பாலி ஒருத்திதான் காதலைக் காதலாகவே எடுத்துக்கொள்கிறாள். மற்ற எல்லோரும் அதை ஈடாகவும் இலாபமாகவும் பார்க்கிறார்கள். நாடகத்தைப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கும்போது அந்தப் பெண்ணின் நிலைமை மனதில் தங்குகிறது.

இனி நாடக மேடையிலிருந்து இறங்கி, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தெருவுக்குப் போவோம். ஈஸ்ட் ஹாம். முருங்கைக்காயும் நெத்திலிக் கருவாடும் கிடைக்கும் லண்டன். ஹை ஸ்ட்ரீட்டில் கடைகளைத் தாண்டி நடந்தால் பழைய டவுன் ஹால் கட்டடம் வரும். அங்கே குறுக்கே போகும் சாலைதான் பார்கிங் ரோடு. 1966 டிசம்பரில், நம்முடைய கடைகள் எதுவும் இல்லாத காலத்தில், இந்தச் சாலையில் இருந்த ஒரு ஃபிளாட்டில் ஒரு மனிதனை ஒளித்து வைத்திருந்தார்கள்.

அவன் பெயர் ஃபிராங்க் மிட்செல். ஆயுள் தண்டனைக் கைதி. பத்திரிகைகள் அவனைக் கோடரிப் பைத்தியம் என்று எழுதின. டெவன் மாவட்டத்தின் டார்ட்மூர் சிறையில் இருந்தான். பெரிய உடம்பு, அசாத்திய பலம். வெளிவேலைக்குப் போகும் கைதிகளோடு அவனையும் அனுப்புவார்கள். அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை: விடுதலை எப்போது என்று யாரும் தேதி சொல்லவில்லை. கிழக்கு லண்டனை அப்போது ஆட்டிப் படைத்த ரோனி கிரே, ரெஜி கிரே என்ற இரட்டையர்கள் அவனுக்குப் பழைய பழக்கம். டிசம்பர் 12ஆம் தேதி அவர்களுடைய ஆட்கள் காரில் வந்து அவனை ஏற்றிக்கொண்டு ஈஸ்ட் ஹாமுக்குக் கொண்டுவந்தார்கள். சில நாட்களில் 'டைம்ஸ்', 'டெய்லி மிரர்' பத்திரிகைகளுக்கு அவன் பெயரில் கடிதம் போனது. எனக்கு ஒரு விடுதலைத் தேதி சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் அசைந்து கொடுக்கவில்லை.

இப்போது கிரே சகோதரர்களுக்குச் சிக்கல். சிறையிலிருந்து எடுத்தது பெருமைக்கு. வைத்துப் பராமரிப்பது ஆபத்து. அவன் வெளியே போக வேண்டும் என்கிறான், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறான், ரோனி ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்கிறான். ஒரு சிறைக்குப் பதில் இன்னொரு சிறை என்று அவனுக்கே புரியத் தொடங்கியது. அவனை அமைதியாக வைத்திருக்க ஓர் உபாயம் செய்தார்கள். இரவு விடுதி ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தியைப் பணம் தருவதாகச் சொல்லி அந்த ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

அவர்கள் கணக்கில் அவள் ஒரு மருந்து. தூக்க மாத்திரை போல. ஆனால் மிட்செல் அவளைக் காதலிக்க ஆரம்பித்துவிட்டான். அவளும், பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது, அவனைப் பற்றி இரக்கத்தோடுதான் பேசினாள். டிசம்பர் 24 இரவு, கென்டில் ஒரு பண்ணை வீட்டுக்குப் போகலாம், கிறிஸ்துமஸுக்கு ரோனியோடு இருக்கலாம் என்று சொல்லி அவனை வேனுக்கு அழைத்துப் போனார்கள். அவளும் கூட வர வேண்டும் என்று அவன் கேட்டான். பின்னால் வருவாள் என்றார்கள். அவன் போனான். வேனுக்குள்ளேயே அவனைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

1969இல் இந்தக் கொலை வழக்கு நடந்தது. கிரே சகோதரர்கள் வேறு கொலைகளுக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனை பெற்றிருந்தார்கள். மிட்செல் கொலையில் போதிய நிரூபணம் இல்லை என்று அவர்களும், ஃப்ரெடி ஃபோர்மன் என்ற கூட்டாளியும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கொலையில் தனக்குப் பங்கு உண்டு என்பதை ஃபோர்மன் 1996இல் தன்னுடைய சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். கிரே சகோதரர்களைப் பற்றிப் படங்கள் வந்திருக்கின்றன, புத்தகங்கள் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. நல்ல உடை, அம்மா மேல் பாசம், பிரபலங்களோடு எடுத்த படங்கள். எனக்கு அந்தப் பதின்மூன்று நாட்கள் போதும். விடுதலைத் தேதி கேட்ட நண்பனை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும், அவனைச் சமாதானப்படுத்த ஒரு பெண்ணை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அந்த ஃபிளாட்டில் விலை பேசப்படாமல் நடந்த ஒரே விஷயம், அந்த இருவருக்கும் நடுவில் முளைத்த கொஞ்சப் பிரியம். யாரும் அதைத் திட்டமிடவில்லை. யாருக்கும் அது தேவையாகவும் இல்லை.

ஆங்கில நாவலில் இந்த இடத்தைத் தொட்டவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1837 முதல் 1839 வரை தொடராக வந்த 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி என்ற பெண், பில் சைக்ஸ் என்ற முரட்டுத் திருடனோடு வாழ்கிறாள். அவனிடமிருந்து தப்பிக்க அவளுக்கு வழி கிடைக்கிறது. பணமும் அடைக்கலமும் தருகிறேன் என்று ரோஸ் என்ற நல்ல பெண் சொல்கிறாள். நான்சி மறுத்துவிட்டு சைக்ஸிடமே திரும்புகிறாள். பலர் இதை நம்ப முடியாத மிகையுணர்ச்சி என்று சொல்வார்கள். அவர்கள் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் போயிருக்கலாம். அதற்குச் சற்று முன்புதான் சைக்ஸ் காய்ச்சலில் விழுந்து கிடந்திருக்கிறான். இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் நான்சி. அந்தக் களைப்பில் அவளே வெளிறி மெலிந்திருக்கிறாள் என்று டிக்கன்ஸ் எழுதுகிறார். ஒருவருக்குக் கஞ்சி ஊட்டி, வேர்வையைத் துடைத்து, உயிர் தங்குமா என்று மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, அவரை ஒரு கெட்டவர் என்று மட்டும் பார்ப்பது கடினமாகிவிடும். அதை நான் நியாயப்படுத்தவில்லை. நான்சி அதற்கு உயிரைக் கொடுத்தாள். ஆனால் அது நடக்கக்கூடியது.

என் வேலையில் இதன் சிறு வடிவங்களைப் பார்க்கிறேன். பிரிட்டனில் துப்பாக்கிக் காயத்தோடோ, ஒருவர் தாக்கியதால் வந்த கத்திக்குத்தோடோ யாராவது வந்தால் காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. பெயரை உடனே கொடுக்க வேண்டும் என்பதில்லை, இப்படி ஒரு சம்பவம் என்று தெரிவிக்க வேண்டும். காயத்தோடு வரும் பையன்களுக்கு அது தெரியும். கேட்டால், கண்ணாடி குத்திவிட்டது என்பார்கள். பிறகு படிவத்தில் ஒரு கேள்வி வரும்: நெருங்கிய உறவு யார்? அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்? கூடவே சாகத் தயார் என்று சொன்ன நண்பர்களின் எண்ணை அந்த நேரத்தில் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் எண் வரும். அல்லது, கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பெண்ணின் பெயர். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டால் பதில் வராது. இதில் ஒரு வேடிக்கை, இங்கிலாந்தின் சட்டத்தில் அந்த 'நெருங்கிய உறவு' என்ற கட்டத்துக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. சட்டம் மதிக்காத ஒரு பெயரைத்தான் நாங்கள் எழுதி வைத்துக்கொள்கிறோம். இரவு மூன்று மணிக்கு அந்தப் பெயர்தான் வந்து கட்டிலருகே உட்கார்ந்திருக்கும்.

தமிழுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று குண்டலகேசி. நமக்கு மிஞ்சியிருப்பவை பத்தொன்பது பாடல்கள்தான், ஆனால் கதையை நீலகேசி உரை வழியாக அறிகிறோம். வணிகன் மகள் பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்படும் காளன் என்ற கள்வனைப் பார்த்துக் காதல் கொள்கிறாள். தந்தை பொன் கொடுத்து அவனை மீட்டுக் கட்டிவைக்கிறார். ஒருநாள் ஊடலில் 'நீ கள்வன்தானே' என்று அவள் விளையாட்டாகச் சொல்ல, அவன் வன்மம் வைத்து மலையுச்சிக்கு அழைத்துப்போய்க் கொல்லப் பார்க்கிறான். சாகுமுன் உன்னை வலம் வந்து வணங்குகிறேன் என்று சொல்லி, பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவியாகிறாள்.

இந்தக் கதையை 'கெட்டவனைக் காதலிக்காதே' என்ற புத்திமதியாகச் சொல்லிப் பழகிவிட்டோம். மலையுச்சி என்ற இடத்தைக் கவனியுங்கள். அங்கே தந்தையின் பொன் இல்லை, அரசனின் காவல் இல்லை, சாட்சி இல்லை. திருமணம் என்ற உடன்படிக்கை ஊருக்குள் இருக்கும் வரை செல்லும். மலையுச்சியில் இருப்பது இரண்டு உடம்புகளும் ஒரு விளிம்பும்தான். நிழலுலகக் கதை எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் இந்த மலையுச்சிக்கு வந்து சேர்கிறது. அங்கே போன பிறகுதான் இந்த உறவு என்ன என்று இருவருக்கும் தெரிகிறது.

நான் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை ஒன்றும் இதனோடு சேரும். யோசுவாவின் புத்தகத்தில் வரும் ராகாப். எரிகோ பட்டணத்து வேசி. எதிரி நாட்டு வேவுகாரர் இருவரைக் கூரைமேல் சணல்தட்டைக்குள் ஒளித்து வைக்கிறாள். பதிலுக்கு அவர்களிடம் ஆணை வாங்குகிறாள். அடையாளமாகச் சன்னலில் சிவப்பு நூற்கயிறு கட்ட வேண்டும் என்று பேச்சு முடிகிறது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அழிக்க முடியும், அதனால் உண்டான கூட்டு அது. ஆனால் அவள் தன் உயிரை மட்டும் கேட்கவில்லை. தகப்பன், தாய், சகோதரர், சகோதரிகள், அவர்களுக்கு உண்டான எல்லோரும் என்று பட்டியல் போட்டுக் கேட்கிறாள். பேரம் பேசத் தெரிந்த பெண். ஈடாக வைக்கப்படுவதற்கு முன் தானே விலை சொன்னவள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். லண்டனையும் தமிழையும் நிழலுலகத்தையும் சேர்த்த படம் என்றால் உங்கள் எல்லோருக்கும் நினைவு வருவது கார்த்திக் சுப்பராஜின் 'ஜகமே தந்திரம்', 2021 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மதுரை ரவுடி சுருளியை, பீட்டர் என்ற நிறவெறி பிடித்த லண்டன் தாதா பணத்துக்கு வரவழைக்கிறார். எதற்கு? சிவதாஸ் என்ற தமிழ் தாதாவை வீழ்த்த. தமிழனைப் பிடிக்கத் தமிழன் வேண்டும் என்ற கணக்கு. சுருளி சிவதாஸின் நம்பிக்கையைப் பெறுகிறான், பிறகு விற்றுவிடுகிறான். சிவதாஸின் பணம் எங்கே போயிற்று என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிகிறது: அகதிகளுக்கு. அவன் காதலிக்கும் ஈழத்துப் பெண் அட்டிலா வழியாக அந்த உலகம் அவனுக்குத் திறக்கிறது.

எண்ணம் பெரியது. சட்டம் கைவிட்ட அகதியும் சட்டத்துக்கு வெளியே இருக்கும் தாதாவும் ஒரே தெருவில் ஏன் சந்திக்கிறார்கள் என்ற கேள்வி அதில் இருக்கிறது. காகிதம் இல்லாதவனாக ஆக்குவதே மிகப் பெரிய தண்டனை என்ற இடத்துக்கும் படம் வந்து சேர்கிறது. ஆனால் அட்டிலாவின் துயரம், நாயகன் மனம் மாறுவதற்குத் தேவையான விளக்கமாகச் சுருங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அவளுக்கு என்ன வேண்டும் என்று படம் அதிக நேரம் கேட்கவில்லை. மறுபடியும் ஒரு பெண், ஒரு ஆணின் திருப்பத்துக்கு ஈடு.

அதற்கு ஆறு வருடம் முன்பே வந்த 'தீபன்' வேறு மாதிரி. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த படம், பெரும்பகுதி உரையாடல் தமிழில், 2015இல் கான் திரைவிழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. நாயகனாக நடித்தவர் 'கொரில்லா' நாவலை எழுதிய நம் ஷோபாசக்தி. போர் முடியும் தறுவாயில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி. ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லை. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் மூவரும் கணவன், மனைவி, மகளாகப் பிரான்சுக்கு வருகிறார்கள். தங்கக் கிடைத்த குடியிருப்பு, போதைப்பொருள் கும்பலின் கையில் இருக்கிறது. அந்தப் பெண் யாழினிக்கு அங்கே இருக்க விருப்பமே இல்லை. அவளுடைய உறவினர் லண்டனில் இருக்கிறார், அவளுக்கு லண்டனுக்குத்தான் போக வேண்டும்.

யாழினிக்குக் கிடைக்கும் வேலை, உடல் நலமில்லாத ஒரு முதியவருக்குச் சமைத்து வீட்டைப் பார்த்துக்கொள்வது. அந்த வீட்டைத்தான் கும்பல் தன் கூடாரமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் இது நடக்கிறது. தனியாக இருக்கும் நோயாளிகள், முதியவர்கள், மனநலம் குன்றியவர்களின் வீட்டுக்குள் போதைக் கும்பல் குடியேறிவிடும். வேறு பறவையின் கூட்டில் குயில் முட்டையிடுவதை வைத்து இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. வீடு வீடாகப் போகும் நர்ஸுகளுக்கு அந்த அறிகுறிகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: புதிதாக நிறையச் செருப்புகள், எப்போதும் மூடிய திரைச்சீலை, நோயாளியே தன் வீட்டில் விருந்தாளி போல ஓர் ஓரத்தில்.

அந்த வீட்டுக்குக் காலில் மின்னணுப் பட்டை கட்டிய பிராஹிம் என்ற கும்பல் தலைவன் சிறையிலிருந்து வருகிறான். அவன் பிரெஞ்சு பேசுகிறான், அவள் தமிழ் பேசுகிறாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் பேசுகிறார்கள். புரியாது என்பதாலேயே மனதில் இருப்பதைச் சொல்லிவிட முடிகிறது. காதல் என்று அதைச் சொல்ல முடியாது. அவள் வைத்த குழம்பு அவனுக்குப் பிடிக்கிறது, அவனுடைய சிரிப்பு அவளுக்கு ஆபத்தாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவளுக்கும் தீபனுக்கும் நடுவில் காதல் வருவதும் இதே போல, ஒப்பந்தத்தின் விரிசல் வழியாகத்தான். முதலில் அவள் அவனை விட்டு லண்டனுக்கு ஓடப் பார்க்கிறாள், அவன் அவளுடைய கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொள்கிறான். அழகான தொடக்கம் இல்லை. கடைசியில் துப்பாக்கிகளுக்கு நடுவே அவளைத் தேடி அவன் படியேறுகிறான். காகிதத்தில் மட்டும் மனைவியாக இருந்தவளுக்காக.

இந்தப் படத்தில் நிழலுலகம் என்பது கும்பல் மட்டும் இல்லை. அந்த மூவரும் சேர்ந்த பொய்க் குடும்பமும் நீதிமன்றம் ஏற முடியாத ஒப்பந்தம்தான். இங்கேதான் இந்தத் தலைப்பு நம்மைத் தொடுகிறது என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர், முடிவு வராமல் பன்னிரண்டு மாதம் கடந்தால்தான் வேலை செய்ய அனுமதி கேட்கவே முடியும், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு. 2016இன் குடிவரவுச் சட்டம், அனுமதி இல்லாமல் வேலை செய்வதையே குற்றமாக்கியது. அந்தச் சம்பளத்தைக் குற்றத்தால் வந்த பணமாகப் பறிமுதல் செய்யவும் வழி உண்டு. இதன் அர்த்தம் என்ன? கடையின் பின்புறத்தில் பெட்டி தூக்கும் ஒரு பையனுக்கு முதலாளி மூன்று மாதச் சம்பளம் தரவில்லை என்றால், அவன் புகார் கொடுக்கப் போகும் இடத்தில் அவனே குற்றவாளி. அந்த முதலாளியும் பெரும்பாலும் நம் ஆள்தான். அப்போது அவனுக்காக யார் பேசுவார்கள்? சம்பளத்தை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் வருவான். பதிலுக்கு ஒரு சிறு உதவி கேட்பான். முதலில் ஒரு பொட்டலம், பிறகு ஒரு கார் ஓட்டம். முன்பு இதே லண்டனில் தமிழ்ப் பையன்களின் கும்பல் சண்டை தலைப்புச் செய்தியானபோது நாம் எல்லோரும் வளர்ப்பு சரியில்லை என்று பேசினோம். வளர்ப்பு ஒரு காரணமாக இருக்கலாம். யாரிடமும் முறையிட முடியாத மனிதனுக்குக் கும்பல் ஒரு நீதிமன்றமாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம். தீர்ப்பின் கட்டணம் எவ்வளவு என்று அது முதலில் சொல்வதில்லை.

காதலும் அதே வழியில்தான் வருகிறது. விசாவுக்காகச் செய்த கல்யாணம், வாடகையைப் பகிர்ந்துகொள்ளச் சேர்ந்து இருந்த வீடு, ஒருவரின் ரகசியம் இன்னொருவருக்குத் தெரிந்ததால் வந்த நெருக்கம். இவற்றில் சில நரகமாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். சில, ஊரே பொறாமைப்படும் குடும்பமாக ஆனதையும் பார்த்திருக்கிறேன். வெளியே இருந்து பார்த்து எது எதுவாகும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தின் இலாபம் தீர்ந்த பிறகும் ஒருவர் இன்னொருவருக்காகத் தங்கினாரா என்பதில்தான் தெரியவரும்.

ஆகவே அடுத்த முறை ஒரு தாதா கதையைப் படிக்கும்போதோ பார்க்கும்போதோ, யார் ஜெயித்தார் என்பதோடு இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: இந்தக் கூட்டுக்கு ஈடாக வைக்கப்பட்டவர் யார்? அவரிடம் யாராவது கேட்டார்களா? வைல்ட் பெஸ்ஸைக் கேட்கவில்லை. கிரே சகோதரர்கள் அந்த இளம்பெண்ணைக் கேட்கவில்லை. எழுத்தாளர் கேட்டிருக்கிறாரா என்று பார்த்தால், அந்தக் கதையின் தரம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

'தீபன்' படத்தின் கடைசிக் காட்சி இங்கிலாந்தில் நடக்கிறது. அமைதியான தெரு, தோட்டம், உறவினர்கள், யாழினியின் கையில் ஒரு குழந்தை. அது நிஜமா, கனவா என்று பலர் விவாதித்தார்கள். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது தோன்றியது வேறு. அந்த வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டிப் பெயர் கேட்டால், அவர்கள் சொல்லப்போவது இறந்துபோனவர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களில்தான் அவர்கள் காதலித்திருக்கிறார்கள், குழந்தை பெற்றிருக்கிறார்கள். குழந்தைக்கு மட்டும் சொந்தமாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.